பம்ப் அடித்தவன்

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்குக் கவலை இல்லை. பேய் என்றால் அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை முதலில் மறந்துவிடுங்கள். இது சிட்னியில், போன ஜூலையில், வெயில் கண்ணைக் குத்திய ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. நடந்தது என் கூட்டாளி கொட்பிறிக்கு. அவன் பொய்யே சொல்லாத ஆள் என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே சொல்லுவான். ஆனால் பொய் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். இதைச் சொன்னபோது வரவில்லை.

கொட்பிறி மன்னார்க்காரன். அங்கே மீன் லொறி ஓட்டினவன். இங்கே பென்டில் ஹில்லில் ஓர் அறையில் இருந்துகொண்டு, கேதீஸ்வரன் அண்ணையின் கராஜில் பழைய கார்களைத் திருத்துகிறான். அவன் விசா நவம்பரில் முடிய இருந்தது. கேதீஸ்வரன் ஸ்பொன்சர் பண்ணினால் இங்கே இருக்கலாம், மன்னாரில் இருக்கிற மனைவி லிண்டாவையும் மகளையும் கூப்பிடலாம். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சனியன் பிடித்த கார் வந்து சேர்ந்தது.

அது அமெரிக்கப் பந்தயக் கார். முதலாம் உலகப் போர் நடந்த காலத்தில் அங்கே ஓடியது. கூரை இல்லை, கதவு இல்லை, பெல்ட் இல்லை. வலப்பக்கம் டிரைவரும் இடப்பக்கம் மெக்கானிக்கும் தோளோடு தோள் இடிபட உட்கார வேண்டும். பெற்றோல் தாங்கி பின்னால் இருந்தது. அதற்குள் காற்று அடித்தால்தான் பெற்றோல் எஞ்சினுக்கு வரும். அதற்கு ஒரு கைப்பம்ப், மெக்கானிக்கின் பக்கத்தில். பந்தயம் முடியும்வரை அவன் அதை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பிழைப்போ!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்காட்சியில் அது மூன்று சுற்று ஓட வேண்டும். புதிய சாமான் எதுவும் பூட்டக் கூடாது என்றார் சொந்தக்காரரான வெள்ளைக்காரக் கிழவர். ஓர் ஆளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்றது இன்சூரன்ஸ். அப்படியானால் பம்பை யார் அடிப்பது? கொட்பிறிதான். ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றக் கை பம்பில். நேர் பாதையில் ஒருமாதிரிச் சமாளித்தான். வளைவில் அந்த ஸ்டியரிங்குக்கு இரண்டு கையும் போதாது. பம்பை விட்டால் காற்று இறங்கும். எஞ்சின் இருமும். பிறகு நிற்கும்.

பென்றித்துக்கு அப்பால் ஒரு பழைய விமான ஓடுபாதையில் வாரம் முழுக்க இதே கூத்துத்தான். போவான், தூரத்து வளைவில் நிற்பான், இறங்கித் தள்ளுவான். குளிரிலும் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. காபரேட்டரைக் கழற்றினான், பூட்டினான். குழாயெல்லாம் ஊதினான். பிழை என்ன என்று தெரியும், ஆனால் திருத்த விடுகிறார்கள் இல்லை. அதைவிட எரிச்சல் வேறென்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை கேதீஸ்வரனும் வெடித்துவிட்டார்.

"எத்தின தரமடா தள்ளுறது? ஞாயிறு இது ஓடாட்டி கிழவன் தன்ர கார் எல்லாத்தையும் வேற இடத்துக்குக் கொண்டு போயிடுவான். கராஜில வேலை இல்லாட்டி நான் எதைக் காட்டி உனக்கு ஸ்பொன்சர் பண்ணுறது?"

"அண்ணை, பக்கத்தில ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

"ஏத்தேலாது எண்டு சொல்லிப் போட்டினம். கடைசியா ஒருக்கா ஓடிப் பார்."

கேதீஸ்வரன் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினார். போன் அடித்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டு தன் வான் வண்டியை நோக்கி நடந்தார்.

கொட்பிறி ஆத்திரத்தோடு கியரைப் போட்டான். அப்போதுதான் அந்தப் பிழையை விட்டான்.

எங்கள் ஊர் லொறிகளில் இடப்பக்கம் கிளீனர் இருப்பான். வண்டியை எடுக்குமுன் டிரைவர் "ரைட்டோ?" என்று கேட்பார். கிளீனர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். பிறகுதான் வண்டி நகரும். பதினொரு வருடப் பழக்கம் கொட்பிறிக்கு. யோசிக்கவில்லை. ஆள் இல்லாத இடப்பக்கத்தைப் பார்த்து வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ரைட்டோ?"

டொக்... டொக்.

ஏதோ தகரம் லூசாக இருக்கிறது என்று நினைத்தான். இன்னொரு வேலை. மனதுக்குள் திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

நேர் பாதை போனது. வளைவு வந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். இப்போது நிற்கும்... இப்போது நிற்கும்...

நிற்கவில்லை.

காற்றழுத்த முள்ளைப் பார்த்தான். அசையாமல் மேலே நின்றது. கொட்பிறிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாதாவே!" என்று கத்தினான். லிண்டாவும் மகளும் விமானத்தை விட்டு இறங்குவதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது சுற்றில்தான் அந்தச் சத்தம் காதில் பட்டது. எஞ்சின் இரைச்சலுக்கு அடியில், ஒரே சீராக.

ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக்.

அவனுடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கழுத்து வரவில்லை.

இடது முழங்காலில் யாரோ தட்டினார்கள்.

உள்ளங்கையால். மெதுவாக. பிறகு வேகமாக. விடாமல்.

லொறியில் கிளீனர் அப்படித் தகரத்தில் விடாமல் தட்டினால், பாதை காலி, மிதி என்று அர்த்தம். கொட்பிறியின் கால் தானாக மிதித்தது. கார் பறந்தது. தட்டு அடியாக மாறியது. முழங்கால் வலித்தது. அந்தக் காலப் பந்தய எஞ்சின்களுக்கு ஊற்றுகிற ஆமணக்கெண்ணெய் கருகுகிற மணம் மூக்கை அடைத்தது.

தூரத்து வளைவு வந்தது.

சட்டென்று... முழங்காலில் ஒன்றும் இல்லை.

பம்ப் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தான். ஆசனம் வெறுமை. பம்பின் கைப்பிடி போய் வந்துகொண்டிருந்தது.

பிரேக்கை இழுத்தான். சுவிட்சை அணைத்தான். எஞ்சின் நின்றது. பாதை முழுக்க அமைதி.

ஸ்ஸ்... டக்.

ஸ்ஸ்... டக்.

குதித்து இறங்கி ஓடினான்.

கேதீஸ்வரன் எதிரே கையை விரித்துக்கொண்டு வந்தார். "ஓடிட்டுதடா! என்னடா செய்தனி?" கொட்பிறி மூச்சிரைக்க நின்றான். சந்தோஷத்தில் நிற்கிறான் என்று நினைத்து அவர் அவனைக் கட்டிப் பிடித்தார். பின்னேரமே கராஜில் வைத்து ஸ்பொன்சர் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். மனுசன் நல்லவர், வாய்தான் கூட.

அந்த நேரம் சொந்தக்காரக் கிழவரும் வந்தார். கார் ஓடியது என்று கேள்விப்பட்டதும் அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி. பம்ப் அடித்தது யார்?

"எல்லாம் இவன்தான்" என்றார் கேதீஸ்வரன் பெருமையாக.

கிழவர் கொட்பிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தக் கார் கடைசியாக ஓடிய பந்தயத்தில் மெக்கானிக்கின் ஆசனம் கழன்றுவிட்டதாம். நிறுத்தச் சொல்லி டிரைவரின் முழங்காலில் தட்டினானாம். டிரைவர் முன்னணியில் இருந்தார். அடுத்த வாரம் பட்டாளத்துக்குப் போக வேண்டியவர், அதற்குமுன் ஒரு வெற்றி வேண்டும் என்று நிறுத்தவில்லை. வளைவில் மெக்கானிக் வெளியே விழுந்து இறந்துபோனான்.

அதன்பிறகு அரைச் சுற்றுக்குள் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கார் ஒன்பது சுற்று ஓடி வென்றது. கிழவரின் தாத்தாவும் அந்த டிரைவரும் போர்க்களத்தில் பழக்கமானவர்கள்; தாத்தாவுக்குக் காரை விற்றபோது டிரைவர் சொன்னாராம்: "பம்ப் நிற்கவே இல்லை. முடியும்வரை அவன் அடித்துக்கொண்டிருந்தான்."

தான் கண்டதைக் கொட்பிறி இருவரிடமும் மறைத்துவிட்டான். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை யார் ஓட்டுவது? ஓட்டாவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு என்ன பெறுமதி? தன் காரில் ஏறி வீட்டுக்குப் புறப்பட்டான்.

தெரு முனை தாண்டவில்லை. பீப்... பீப்... பீப்.

தன் பெல்ட்டைப் பார்த்தான். போட்டிருந்தான்.

முன்னால் சிவப்பு விளக்கு மின்னியது. இடப்பக்க ஆசனத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்கிற விளக்கு.

ஆசனத்தில் ஒரு கடதாசிகூட இல்லை.

பீப்... பீப்...

கொட்பிறி காரை ஓரம் கட்டினான். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். இடப்பக்க பெல்ட்டை இழுத்து, வெறும் ஆசனத்துக்குக் குறுக்கே போட்டுப் பூட்டினான்.

சத்தம் நின்றது.

பென்டில் ஹில் வரும்வரை அவன் வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.