ஃபிரேமில் ஒரு விரிசல்

என் கணவருக்கு என்னைவிடத் தன் சைக்கிள்மேல்தான் பிரியம். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த, மலைப்பாதைக்கான பழைய வண்டி. டிஸ்க் பிரேக், கியர், ஷாக் எல்லாவற்றையும் புதிதாக வரவழைத்து, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து மாட்டினார். கிரீஸ் துடைப்பது மட்டும் என் வேலை.

அப்படித் துடைக்கும்போதுதான் பின்ஷாக் மாட்டிய இடத்தில், ஃபிரேமில் மயிரிழை போல ஒரு விரிசலைப் பார்த்தேன். சொல்லிவிடலாமென்று எழுந்தேன். எனக்குப் போலியோவில் சூம்பிய கால், மெதுவாகத்தான் நடப்பேன்.

உள்ளே அவருடைய நண்பர் கேட்டுக்கொண்டிருந்தார். "இம்புட்டுச் செலவுக்குப் புதுசே வாங்கிருக்கலாம்லடா?"

"ஃபிரேம் நல்லாருந்தா மத்ததெல்லாம் மாத்திக்கிறலாம்டா" என்றவர், நான் வருவதைப் பார்த்துச் சிரித்தார். "இந்தா வாராள்ல, இவளுக்கு ஃபிரேமே கோணல். இதுல என்னத்த மாத்துறது?"

நண்பரும் சிரித்தார்.

"ஏங்க, டீ போடவா?" என்று மட்டும் கேட்டேன். விரிசலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் சிறுமலை இறக்கத்தில், ஃபிரேம் அதே இடத்தில் முறிந்தது. இடுப்பு நொறுங்கிப் படுக்கையில் கிடக்கிறார். இப்போது அவரைத் துடைப்பது என் வேலை.

"அம்புட்டு நல்ல ஃபிரேம் எப்புடிடி உடைஞ்சுச்சு?" என்று தினமும் புலம்புகிறார்.

"தெரியலயேங்க" என்கிறேன்.

கால் மட்டும்தான் கோணல் என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன்.