ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழையப் பார்த்தது யார்?

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பெங்களூர் தலைமை அலுவலகத்தோடு எங்களை இணைக்கும் விபிஎன் அடிக்கடி அறுந்துபோகும். அலுத்துப்போய், அறுந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே இணைக்க முயலும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை விபிஎன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை பெங்களூரிலிருந்து போன். "நேத்து பூரா உங்க ஃபேக்டரியில இருந்து யாரோ தப்பு பாஸ்வேர்டு போட்டுட்டே இருந்திருக்காங்க. கனெக்‌ஷனை லாக் பண்ணிட்டோம்."

"நேத்து வாட்ச்மேன் முனிராஜ் மட்டும்தான் சார் இருந்தாரு" என்று மேனேஜரிடம் நானேதான் சொன்னேன்.

முனிராஜை வரவழைத்தார்கள். "கம்ப்யூட்டர் ரூம் சாவியே என்கிட்ட இல்லீங்க சார்" என்றார்.

அதற்குள் முயற்சி நடந்த நேரங்களின் பட்டியல் மெயிலில் வந்தது. 9.01, 9.02, 9.03 என்று பிசகாமல் நிமிடத்துக்கு ஒன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கிரிப்டில் இருந்த பழைய பாஸ்வேர்டை நான் மாற்றவே இல்லை!

மேனேஜர் முன்னாலேயே முனிராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார். ஆனா மொதல்ல என் பேருதான வந்துச்சு?" என்றார்.

இப்போது என் ஸ்கிரிப்ட் மூன்று முறைக்கு மேல் முயலாது. அதன் முதல் வரியில், "தவறு நடந்தால் முதலில் என்னைக் கேளுங்கள்" என்று எழுதி, என் பெயரைப் போட்டிருக்கிறேன்.