கிளட்ச்சை மிதித்த கால்

என் தங்கச்சி புருஷனை நான்தான் வண்டியேத்திக் கொல்லப் பார்த்தேன்னு தட்டாஞ்சாவடி பூரா பேசுறாங்க. பேசட்டும். ஊர் வாய்க்கு நான் பூட்டா போட முடியும்? ஆனா நடந்தது இதுதான். ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. நம்பினா நம்புங்க.

என் பேரு கிளாட்வின். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கார் எலக்ட்ரீசியன் ஷெட் வெச்சிருக்கேன். என்கூட வேலை பார்க்கிறவன் மிக்கேல், என் தங்கச்சி பெனிஷாவைக் கட்டினவன். வேலையில சுத்தமான கை. ஆனா அந்தக் கை வீட்டுக்குப் போனா அவ மேலதான் விழும். போன வாரம் கோயிலுக்கு அவ முந்தானையால கன்னத்தை மூடிக்கிட்டு வந்தா. எனக்குக் கொதிச்சுது. அவதான் "வேணாம்ணே, விட்டுடு"ன்னு கையைப் பிடிச்சா.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு வந்து ஷெட்டைத் திறந்தோம். லாஸ்பேட்டைக்காரர் ஒருத்தர், பேரு புருஷோத்தமன், முந்தின நாளே ஒரு வெள்ளைக் காரை விட்டுட்டுப் போயிருந்தார். பழைய வண்டி. கியர் வண்டி. அதுக்கு ரிமோட் ஸ்டார்ட் வேணுமாம். வெயில்ல நிக்கிற வண்டியை வீட்டுக்குள்ள இருந்தே பட்டன் அமுக்கி, ஏசி ஓடவிட்டு, குளுகுளுன்னு ஏறி உட்காரணுமாம்.

கியர் வண்டிக்கு ரிமோட் மாட்டறது விளையாட்டில்ல. கியர்ல நிக்கிற வண்டி ஸ்டார்ட் ஆனா பாய்ஞ்சுடும். அதுவும் நம்ம ஊர்ல கேக்கவே வேணாம். உப்புக் காத்துல ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிச்சு இறுகிடும்னு பாதிப் பேர் அதை இழுக்கிறதே இல்ல. ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுட்டு இறங்கிப் போயிடுவாங்க. அதனால நான் கட்டித் தர்ற ரிமோட்டுக்கு மூணு காவல் இருக்கும். கியர் நியூட்ரல்ல இருக்கணும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கணும், பானெட் மூடியிருக்கணும். இல்லேன்னா ஸ்டார்ட் ஆகாது.

இந்த வண்டியும் ஃபர்ஸ்ட் கியர்லதான் நின்னுச்சு. திட்டிக்கிட்டே நியூட்ரலுக்குத் தள்ளினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டேன். வண்டி செவுத்தைப் பார்த்து நின்னுச்சு. நடுவுல மிக்கேல், பானெட்டைத் தூக்கி சுவிட்ச் மாட்டிக்கிட்டிருந்தான்.

மணி ஒண்ணு இருபது. வெளிய வெயில் சுள்ளுனு அடிக்குது. பக்கத்து ஷெட்டெல்லாம் லீவு. ஒரு சத்தம் இல்ல.

மிக்கேலுக்குப் போன் வந்துச்சு. பெனிஷாதான்.

"இன்னும் சோறாக்கலையா? வர்றேன் இரு. பல்லைத் தட்டிக் கையில குடுக்கறேன்."

டக்...

உள்ள எட்டிப் பார்த்தேன். கியர் ஃபர்ஸ்ட்ல இருந்துச்சு.

"கியரைத் தொட்டியா மாப்ள?"

"நான் இங்க இருக்கேன் மச்சான். எப்படித் தொடுவேன்?"

திரும்ப நியூட்ரலுக்குத் தள்ளினேன். கண்ணாடி ஏத்தின வண்டி, உள்ள அடுப்பாக் கொதிக்குது. கியர் குமிழ் மட்டும் ஜில்லுனு இருந்துச்சு.

அவன் போனை வைக்கலை. "நேத்து வாங்கினது பத்தலையாடி?"

டக்...

இந்தத் தடவை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். கியர் தானா நகர்ந்துச்சு. குனிஞ்சு கீழே பார்த்தேன். கிளட்ச் பெடல் தரையோட தரையா அமுங்கியிருந்துச்சு.

மேல எந்தக் காலும் இல்ல.

"மாப்ள, வெளிய வாடா!"

இன்ஜின் உறுமிச்சு. சாவி என் பாக்கெட்ல. ரிமோட் பெட்டியோட கவரைக்கூட நான் இன்னும் பிரிக்கலை.

பெடல் மெல்ல மேல வந்துச்சு...

இழுத்த ஹேண்ட் பிரேக்கையும் மீறி வண்டி பாய்ஞ்சு அவனைச் செவுத்தோட அறைஞ்சுது. கால் எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு, விறகு ஒடிக்கிற மாதிரி. பம்பரெல்லாம் ரத்தம். அவன் கத்தின கத்தல்... மாதாவே!

பெடல் அமுங்குச்சு. ரிவர்ஸ். வண்டி பின்னாடி வந்துச்சு. மிக்கேல் செவுத்தோட சரிஞ்சு உட்கார்ந்தான்.

இப்ப பம்பருக்கு நேரா அவன் நெஞ்சு.

கிளட்ச்சை மிதிக்க விட்டா மறுபடி ஃபர்ஸ்ட் விழும். நான் உள்ள பாய்ஞ்சு பெடலுக்கு அடியில கையைக் குடுத்தேன்.

மிதிச்சுது.

என் விரல் ரெண்டு நொறுங்குச்சு. மிதி நிக்கலை.

டக்...

"பெனிஷா!" மிக்கேல் அலறினான். "இனிமே உன்மேல கை வெக்க மாட்டேன்டி... சத்தியமா வெக்க மாட்டேன்..."

இன்ஜின் நின்னுடுச்சு.

என் கையை உருவினேன். பெடல் ரப்பர் மேல ஈரமா ஒரு தடம். வெறுங்கால். அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு.

மிக்கேல் பிழைச்சான். இடது காலை முட்டியோட எடுத்துட்டாங்க. போலீஸ் என்னைத் துருவித் துருவிக் கேட்டுச்சு. "மச்சான் மேல தப்பில்ல"ன்னு அவனே சொன்னதால வெளிய இருக்கேன். அவன் இப்ப வீட்ல குரலை உசத்தறதே இல்ல.

போலீஸ் அந்தக் காரைத் திருப்பி விட்ட பிறகு அதை எடுக்க புருஷோத்தமன் வரலை. அவர் சம்சாரம் வந்துச்சு. சுமலதான்னு பேரு.

"இதைக் காயலான் கடையில போட்டுடும்மா"ன்னு கெஞ்சினேன்.

"எங்க பார்வதி அக்கா வீட்டு வண்டிண்ணா. சும்மா கிடைக்குதேன்னு எங்க வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டார்."

அந்த அக்காவை அவ புருஷன் அடிச்சு, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில உயிர் போயிருக்கு. அன்னிக்கே சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து, வண்டியை உள்ள விட்டு, கேட்டைச் சாத்தப் போயிருக்கான். வண்டி பாய்ஞ்சு அவனைக் கேட்டோட நசுக்கிடுச்சு. ஃபர்ஸ்ட் கியர்ல விட்டதால வந்த வினைன்னு எல்லாரும் சொன்னாங்களாம்.

"சாவி வண்டியிலயா இருந்துச்சு?"

"இல்லண்ணா. மாமா சட்டைப் பையில இருந்துச்சு."

"தெரிஞ்சேவா இதை ஓட்டிக்கிட்டுப் போற? பயமா இல்ல?"

சுமலதா ஏறி உட்கார்ந்துச்சு. சீட் பெல்ட்டை இழுக்கும்போது முந்தானை விலகுச்சு. கழுத்துல விரல் தடம், நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு.

"எனக்கு என்னண்ணா பயம்? எங்க வீட்லயும் கேட்டைச் சாத்தறது அவர்தான்."