பாதி சல்யூட்

புதிய ராணுவத் தலைமைத் தளபதி பொறுப்பேற்பதை நேற்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒரு சிப்பாய் சல்யூட் அடித்தார். தளபதியின் கையும் நெற்றிக்கு உயர்ந்தது. எனக்கு உடனே பூட் பாலிஷ் வாசம் அடித்தது.

தொண்ணூறுகளில், சோமனூர் பக்கத்து எங்கள் ஊரில், பட்டாளத்துக்கார அப்பாவின் பூட்ஸுக்கு மகள் நான்தான் பாலிஷ் போடுவேன். லீவு முடிந்து அவர் சீருடையில் கிளம்பிய ஒரு காலையில் நானும் பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியில் தோட்டத்துக்காரர்கள் வீதி. அவர்கள் காடுதோட்டத்தில் கூலிக்குப் போகும் எங்கள் ஆட்கள் அங்கே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். அன்று விசைத்தறிச் சத்தத்தையும் மீறி அப்பாவின் பூட்ஸ் கேட்டது.

வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரிய தோட்டத்துக்காரர் அப்பாவைப் பார்த்து, "ஏண்டா, உங்கப்பன் இந்த வீதில இப்பிடித்தான் நடந்தானா? கழட்டுடா" என்றார்.

அப்பா நின்றார். விறைப்பாக அவருக்கு ஒரு சல்யூட் அடித்தார். கையை இறக்கவில்லை.

"வெள்ளைக்காரன் இருந்த நாற்காலில இப்ப இருக்கற தலைமைத் தளபதி எங்க முகாமுக்கு வந்தாருங்க. நான் சல்யூட் அடிச்சதுக்கு அவரும் திருப்பி அடிச்சாருங்க. நீங்களும் அடிச்சாத்தானுங்க நான் கையை எறக்குவேன்."

தறிக்குடோனிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தோட்டத்துக்காரரின் கை பாதி உயர்ந்து, தயங்கி, மீசைக்குப் போய்விட்டது.

அப்பா கையை இறக்கினார். "பாதி வந்துருச்சுங்க. மீதிய எம்புள்ள வாங்கிக்குவா."

வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வீதியில் செருப்புச் சத்தம் கேட்கவே நடக்கிறேன்.