ஒரு நாள் முன்னதாகச் செத்த தலைவர்

1. பஸ்ஸில் பார்த்த வட்டம்

அந்த வட்டத்தை நான் முதலில் பார்த்தது ராஜபாளையம் போகிற பஸ்ஸில். மம்சாபுரம் விலக்கு தாண்டியிருக்கும். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் ஒரே செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். பேய்ப்படத்துக்குப் போடுகிற மாதிரி மியூசிக். "மறைத்தது யார்? பதினொன்றாம் தேதி நடந்தது என்ன?" என்று ஒரு கட்டைக் குரல் கேட்டது. திரையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்து நின்றது. 'மறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதைக் காட்டி ஒரு அம்புக்குறி.

போஸ்டரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த எழுத்து, அந்த ஊதா பார்டர், மூலையில் கவிழ்ந்து கிடக்கும் ரோஜா, எல்லாம் நான் போட்டது.

"பாத்தியாலே, பதினொண்ணாந் தேதியே ஆளு முடிஞ்சிட்டாரு. பன்னெண்டுன்னு சொல்லி நம்ம காதுல பூ சுத்திட்டானுவ," என்றார் ஒருவர்.

"பேப்பர்ல பன்னெண்டுன்னுதான போட்டுருந்தான்?" என்றார் மற்றவர்.

"பேப்பர்காரன்ட்ட சொல்லி மாத்திருப்பானுவ. போஸ்டர் அடிச்சவன்ட்ட சொல்ல மறந்துட்டானுவ. அதான் மாட்டிக்கிட்டானுவ."

போஸ்டர் அடித்த நான் பின் சீட்டில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடி கடகடவென்று சத்தம் போட்டது. சேலைத் தலைப்பை வைத்து அமுக்கிக்கொண்டேன். இருபத்தாறு வருஷமாக ராஜபாளையத்தில் ஒரே அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டராக இருக்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் சாமர்த்தியத்தைச் சொல்ல அல்ல.

2. அவரவர் பெயர்

தலைவர் என்று நான் சொல்வது எங்கள் பக்கத்து விவசாயிகள் சங்கத் தலைவரை. பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் தேதி விடிகிற நேரத்தில் அவருக்கு நெஞ்சுவலி. டிரைவர் அந்தோணி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு விரட்டினார். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது தலைவர் உயிர் போய்விட்டது. காரில் அவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் நாள், அதாவது பதினொன்றாம் தேதி சாயங்காலம், தன் தம்பியை அடுத்த தலைவராக்கி ஒரு கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். சங்கத்தில் பாதிப் பேருக்குத் தம்பியைப் பிடிக்காது. கடிதத்தின் விவகாரம் இவ்வளவுதான்.

பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர் எங்கள் கடைக்குள் வந்து நின்றார்கள். பத்தரைக்குள் போஸ்டர் வேண்டும் என்றார்கள். சாவு போஸ்டருக்கு எந்த ஆபரேட்டரும் புதிதாக டிசைன் போடுவதில்லை. முந்தின பைலைத் திறந்து, வேறு பெயரில் சேவ் பண்ணி, பெயரையும் படத்தையும் மாற்றுவோம். முந்தின நாள் செட்டியார்பட்டியில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இறந்திருந்தார். அவருடைய பைலைத் திறந்தேன். பெயரை மாற்றினேன். பிறந்த தேதியை மாற்றினேன். டீச்சர் படத்தை எடுக்க நேரமில்லாமல் அதன் மேலேயே தலைவர் படத்தைப் பெரிதாகப் போட்டு மூடினேன். மறைவுத் தேதியை மாற்றவில்லை. பதினொன்று பதினொன்றாகவே நின்றது.

புரூஃப் காட்டாமல் இல்லை. எட்டுப் பேரும் பார்த்தார்கள்.

"எம்பேரு ஏம்மா அவன் பேருக்குக் கீழ வருது?"

"எம்போட்டோவ இன்னும் செத்த பெருசாப் போடு தாயி."

"பொருளாளர்ன்னு போடலியே, வெறும் பேரு போட்டிருக்க?"

ஆளுக்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்துகொடுத்தேன். செத்தவர் பக்கம் ஒருவர் கண்ணும் போகவில்லை, என் கண்ணும் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை என்றால் மாமன் மச்சான் வரைக்கும் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்கள். சாவு போஸ்டரில் அவரவர் பெயர் சரியாக இருந்தால் போதும்.

3. "வத்தும்மா"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்கு ஓடி சிஸ்டத்தைப் போட்டேன். பதினொன்று. பைலில் டீச்சருடைய தேதி அப்படியே நின்றது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பயந்தால் கடையிலும் தெலுங்கு வந்துவிடும், வேண்டாம் என்பதற்கு 'வத்து' என்பார்.

"வத்தும்மா, வத்து. வெளிய மூச்சு விட்றாத. தம்பி ஆளுங்களுக்குத் தெரிஞ்சா நம்மாலதான் பேரு கெட்டுச்சுன்னு வருவானுவ. அந்தப் பக்கத்து ஆளுங்க, காசு வாங்கிட்டுப் பேச்ச மாத்துறன்னு வருவானுவ. எவன் வந்தாலும் கடையத்தான் கொளுத்துவான். அந்த பைல அழிச்சிரு."

"சரிங்க அண்ணாச்சி," என்றேன். அழிக்கவில்லை. தைரியம் எல்லாம் இல்லை, கை வரவில்லை.

அன்று மத்தியானமே அந்த வீடியோக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே பேசினான். மற்றவன் சட்டைப் பையில் செல்போன் கேமரா வெளியே தெரிகிற மாதிரி நின்றான்.

"அண்ணாச்சி, இந்தத் தேதிய யாரு குடுத்தா?"

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. "அவிய எழுதிக் குடுத்தத அடிச்சோம். நமக்கு என்ன தெரியும்?" என்றார்.

மறுநாள் அடுத்த வீடியோ வந்துவிட்டது. 'அச்சக உரிமையாளர் ஒப்புதல்! தேதியை எழுதிக் கொடுத்தது அவர்களே!' பதினொன்றாம் தேதியே தலைவரைக் கொன்றுவிட்டார்களாம். பிணத்தைக் காரில் ஏசி போட்டு உட்கார வைத்து அந்தோணி ஊர் ஊராகச் சுற்றினாராம். பிணத்தின் கையைப் பிடித்துத்தான் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். நான் மாற்ற மறந்த ஒரே ஒரு எண்ணுக்குள் இத்தனை பேர் வந்து குடியேறிவிட்டார்கள்.

தளவாய்புரத்தில் அந்தோணி வீட்டுக் கூரை ஓட்டில் கல் விழுந்தது. வாசலில் நின்ற பைக்கை எரித்தார்கள். அவர் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டார். ஓடியதால் அவர்தான் கொன்றார் என்பதும் உறுதியாகிவிட்டது.

நான் சாப்பிட முடியாமல் கிடந்தேன். பஸ்ஸில் யார் செல்போனை எடுத்தாலும் என் முகத்தைத் தேடுகிறார்கள் என்று தோன்றும். கடை வாசலில் பைக் நின்றால் மவுஸை விட்டுவிட்டு பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்வேன். இவ்வளவு பயம் எனக்கு. அந்த மனுஷனுக்கு எவ்வளவு இருக்கும் என்று ஒரு தடவை கூட யோசிக்காமல் ஒரு வாரத்தை ஓட்டினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

4. மறுப்பு நோட்டீஸ்

எட்டாம் நாள் காலை ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. கையில் கோடு போட்ட நோட்டுத் தாள். முதலாளி வெளியே போயிருந்தார்.

"அக்கா, ஒரு நோட்டீஸ் அடிக்கணும். எங்க ஊர்ல ஒருத்தரும் அடிக்க மாட்டேன்னுட்டாக."

அந்தப் போஸ்டர் அடித்த கடை இதுதான் என்று அவளுக்குத் தெரியாது போல. தாளை வாங்கிப் படித்தேன். 'தளவாய்புரம் அந்தோணி மனைவி லூர்துமேரி பொதுமக்களுக்குத் தெரிவிப்பது. என் கணவர் எந்தக் குற்றமும் செய்யாதவர்.' அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

டைப் அடிக்க ஆரம்பித்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'குற்றமும்' என்ற சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

"அக்கா, நீங்க இந்த வேலதான் பாக்கிய. ஒண்ணு கேக்கட்டா? எழுதிக் குடுக்காம போஸ்டர்ல தேதி எப்படிக்கா வரும்?"

நான் அடுத்த வரியை அடித்துக்கொண்டிருந்தேன்.

"அவுக வேதப் புத்தகத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணுனாக. கிருஷ்ணன்கோவில் வார வரைக்கும் தலைவர் பேசிட்டு வந்தாருன்னு. தண்ணி கேட்டாராம். நானும் நம்புனேன். ஆனா தெனமும் அந்த வீடியோவப் போட்டுப் போட்டுக் காட்டுறாக. பதினொண்ணு, பதினொண்ணுன்னு. இப்ப எனக்கே..." சேலை முனையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "போன் பேசையில அவுக குரல் கேட்டா எனக்குப் பயமா இருக்குக்கா. பதினாறு வருசம் கூட வாழ்ந்த ஆளு. நோட்டீஸ் அடிச்சா ஊரு நம்புதோ இல்லியோ, நானாச்சும் நம்பிருவேன்னுதான் வந்தேன்."

அத்தனை நாள் கல்லுக்கும் தீக்கும் பயந்துகொண்டிருந்தேன். கல்லால் ஆகாததை என் போஸ்டர் அந்த வீட்டுக்குள் போய்ச் செய்துகொண்டிருந்தது.

"இங்க வாம்மா. கிட்ட வா," என்றேன்.

தலைவர் போஸ்டர் பைலைத் திறந்தேன். மவுஸால் தலைவர் படத்தைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அடியில் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

லூர்துமேரி, "யேசுவே!" என்று எழுந்துவிட்டாள்.

டீச்சரின் பைலையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். அதே பார்டர், அதே ரோஜா, அதே பதினொன்று. "இது இவுக இறந்த தேதி. இதுக்கு மேலதான் தலைவர் போஸ்டரப் போட்டேன். தேதிய மாத்த விட்டுட்டேன். யாரும் எழுதிக் குடுக்கல. உம்புருசன் பொய் சொல்லல. எல்லாம் நாஞ்செஞ்சது தாயி."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மானிட்டரைத் தொட்டு, அந்தத் தேதியைச் சுட்டுவிரலால் தடவினாள். பிறகு தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். எட்டு நாளாக அழுவதற்குப் பயந்திருந்திருக்கிறாள். நானும் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இத என் போன்ல இன்னொரு தடவ செஞ்சு காட்டுவியளா?" என்று கேட்டாள். கடையும் முதலாளி முகமும் என் கண் முன்னால் வந்து போயின. முகத்தைத் துடைத்துக்கொண்டு செய்து காட்டினேன். என் பெயரையும் சொன்னேன்.

5. இரண்டாவது வட்டம்

வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பக்கம் முழுக்கப் போய்விட்டது. கல்லெறிந்தவர்களில் சிலர் அடங்கினார்கள். முதலாளி இரண்டு நாள் கடையைப் பூட்டிப் போட்டார், என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனாலும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. லூர்துமேரி போன் பண்ணினாள்: "அக்கா, அவுக வந்துட்டாக. கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குறாக."

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் அதே கட்டைக் குரல், அதே மியூசிக். 'தலைவர் படத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் பெண் யார்? பதினொன்றாம் தேதி அவரும் இறந்தது எப்படி?' என் வீடியோவிலிருந்தே எடுத்திருந்தார்கள். டீச்சர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். டீச்சருக்குத் தலைவரின் ரகசியங்கள் தெரியுமாம், அதனால் இரண்டு பேரையும் ஒரே நாளில் முடித்துவிட்டார்களாம். என்னை மிரட்டிப் பேச வைத்தார்களாம். என் கண் வீங்கியிருந்ததற்கும் ஒரு அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

அப்போது வந்த பயம் வேறு மாதிரி. பொய்யைச் சொல்லி மாட்டிக்கொள்வோம் என்று பயப்படலாம், அதற்கு ஒரு எல்லை உண்டு. உண்மையையும் சொல்லியாகிவிட்டது, அதையும் தின்றுவிட்டு இன்னும் கொண்டுவா என்கிறார்கள் என்றால் எங்கே போய் நிற்பது?

டீச்சரின் மகன் செட்டியார்பட்டியிலிருந்து வந்தார். ஐம்பது வயதுக்காரர், பேண்டேஜ் துணி யூனிட்டில் சூப்பர்வைசர். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"வீட்டு வாசல்ல வந்து நின்னு, அம்மா தலைவருக்கு என்ன வேணும்னு கேக்கானுவம்மா. அவுக அந்த ஆளப் பாத்ததே கெடையாது," என்றார். பிறகு, "எங்கம்மா ஆயுசு பூரா பிள்ளைக நோட்டுல தப்பத் தேடிச் சிவப்பு மையில சுழிச்சவுக. இப்ப அவுக மூஞ்சியவே சுழிச்சிட்டானுவ," என்றார்.

"நான் அந்த பைல அன்னைக்கே அழிச்சிருக்கணும் சார்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அழிச்சிராதீக. நாளைக்கு எவனாச்சும் கேட்டா சாட்சிக்கு எங்கிட்டயும் அது ஒண்ணுதான் இருக்கு."

வெளியே போகும்போது, தன் அம்மாவின் போஸ்டரில் அந்தத் தேதி சரிதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியதோ. என் வேலையில் யாரும் என்னிடம் அவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்டதில்லை.

6. புதுப் பக்கம்

அந்தோணி இப்போது வேறு ஊரில் லாரி ஓட்டுகிறார். குடும்பமும் கூடப் போய்விட்டது. தலைவர் நினைவு நாள் வந்தால் இரண்டு வட்டங்களும் மறுபடி சுற்றுகின்றன. பஸ்ஸில் அந்த மியூசிக் கேட்டால் இன்றைக்கும் என் கை டிபன் பாக்ஸ் மூடியை அமுக்கிக்கொள்கிறது. பயம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம். சாவு போஸ்டருக்கு இப்போது பழைய பைலைத் திறப்பதில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும் புதுப் பக்கம். அடிப்பதற்கு முன்னால் செத்த வீட்டுக்கு நானே போன் பண்ணுகிறேன். போஸ்டருக்கு ஆர்டர் கொடுத்தவருக்கு அல்ல, வீட்டுக்கு. அந்த நேரத்தில் தேதி கேட்பது கல்நெஞ்சம் என்று முதலாளி திட்டுகிறார். திட்டட்டும்.

போன வாரம் சேத்தூரில் ஒரு வீடு. ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம். பெயரை வாசித்தேன். பிறந்த தேதியை வாசித்தேன். "மறைவு..." என்று தொடங்கித் தேதியைச் சொன்னேன். பதில் வருகிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஆமாக்கா," என்றாள். "இன்னைக்குத்தான். நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

அதற்குப் பிறகுதான் பிரிண்ட் கொடுத்தேன்.