மற்றவர்கள் திறக்க வேண்டாம்

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதவும் செய்வேன். இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அப்படிப்பட்ட என்னைத்தான், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர், இன்ஜினியர், ஹெட்மாஸ்டர், டீச்சர் எல்லாம் இருக்கும் பத்தொன்பது பேர் போன் குழுவுக்கு அட்மினாக வைத்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இருந்தபோது ஒரு பொருட்காட்சியில் கூப்பன் எழுதிப் பெட்டியில் போட்டார். பரிசு விழுந்திருக்கிறது, ஜோடியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் வந்தது. ஏசி ஹாலில் மூன்று மணி நேரம் உட்காரவைத்து, டை கட்டிய ஒருவர் மலை, மேகம், ஏரி என்று படம் காட்டினார். பரிசு ஒரு குக்கர். குக்கரோடு வெளியே வரும்போது, வருஷத்துக்கு ஏழு நாள் மலைமேல் ஒரு ரூம் எங்களுக்குச் சொந்தம் என்று கையெழுத்தும் போட்டிருந்தோம். மலைக்குப் போனது இரண்டே தடவை. குக்கர் இன்றைக்கும் விசில் அடிக்கிறது.

தாம்பரம், பல்லாவரம், சேலையூர்ப் பக்கம் இப்படிக் குக்கர் வாங்கியவர்கள் சேர்ந்ததுதான் அந்தக் குழு. அட்மின் வேலைக்கு மேனேஜரும் இன்ஜினியரும் அடித்துக்கொண்டார்கள். அவர் வந்தால் இவர் விலகுவார், இவர் வந்தால் அவர் விலகுவார். கடைசியில் இரண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லாத ஆள் நான்தான் என்று முடிவானது. நான் எதையும் எழுதாததால் யாருக்கும் என்மேல் கோபமில்லை என்று மருமகள் சொன்னாள். என் தகுதி அவளுக்குத் தெரியாது.

வேலை இதுதான். நம் ஏழு நாளை இன்னொரு குக்கர்காரருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கம்பெனி ஒரு லிங்க் அனுப்பும். அதை அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். யார் முதலில் திறந்து பச்சைப் பட்டனை அமுக்குகிறாரோ ரூம் அவர் பெயருக்குப் போய்விடும். வீட்டுச் சாவி மாதிரி. நம் ஆட்களோ சாவியைக் கொண்டுவந்து குழுவில் போடுவார்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் ஊட்டி கிடைத்தது ஊருக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்து அழிக்க வேண்டும்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாமல் எப்படிப் பார்ப்பாய் என்று கேட்கலாம். உருவத்தை வைத்துத்தான். கோவில் வீடியோ லிங்க் ஒரு வரியில் முடியும். சாவி லிங்க் மூன்று வரிக்கு, சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி நீளும். அதன் தலையில் கம்பெனியின் மலைப் படம் இருக்கும். பார்த்ததும் அழித்துவிட்டு, "இது சாவி, எடுத்துட்டேன்" என்று குரலில் சொல்வேன். அடுத்தவர் சாவியை அமுக்கியவர் ஒரு மாதம் குழுவுக்கு வெளியே என்று சட்டமும் போட்டேன். இன்ஜினியர் இரண்டு தடவை வெளியே இருந்திருக்கிறார்.

மறைமலை நகரில் வேலை பார்க்கும் டீச்சருக்கு இந்த வருஷம் ஒரு சிக்கல். அவர் சம்பந்தி வீட்டார் முந்தின வருஷம் இவர்களைக் காரில் வைத்துக் கேரளா முழுக்கச் சுற்றிக் காட்டியிருந்தார்கள். சம்பந்தியம்மாள் அதைப் போகிற விசேஷத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் ஒரு வேகத்தில், மே மாதம் கொடைக்கானல் நம் செலவு என்று சொல்லிவிட்டார். ஆனால் டீச்சருக்கு விழுந்தது செப்டம்பர். மே மாதக் கொடைக்கானல் மேனேஜரிடம் இருந்தது. மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். சம்பந்தியம்மாள் ஸ்வெட்டரே வாங்கிவிட்டார்.

மேனேஜர் சாவியை டீச்சருக்கு அனுப்பினார். குழுவில்தான். கீழே தமிழில் ஒரு வரி: "இது டீச்சருக்கு மட்டும். மற்றவர்கள் திறக்க வேண்டாம்." முப்பத்தைந்து வருஷம் பேங்கில் லாக்கர் சாவியை வைத்திருந்த மனிதர்.

நான் அப்போது கீரை அலசிக்கொண்டிருந்தேன். மலைப் படம் தெரிந்ததும் அழிக்கப் போனேன். ஈர விரல் வழுக்கி வேறு என்னவோ வந்தது. அதைச் சரிபண்ணிவிட்டு அழித்தேன். நாலைந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

டீச்சர் வகுப்பு முடிந்து போனைப் பார்த்தால் சாவியைக் காணவில்லை. மேனேஜர் மறுபடி தனியாக அனுப்பினார். திறந்தால், இந்த ரூமை வேறொரு உறுப்பினர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று வந்தது. யார் என்று கம்பெனி சொல்லாதாம். எடுத்தவரே ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. டீச்சர் எனக்குப் போன் செய்து அழுதார். சம்பந்தியம்மாளிடம் என்ன சொல்வது என்றுதான் அழுகை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு ஹாலில் விசாரணை வைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். வராதவர்கள் கம்பெனிக் கணக்கில் தங்கள் பெயரில் இருப்பதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். ஒவ்வொரு போனாக டீச்சர் வாங்கி, அவரவர் பெயரில் என்ன ரூம் இருக்கிறது என்று படித்துச் சொன்னார். சாவியைத் திறக்காதவர் ஒருவர்கூட இல்லை. எதற்குத் திறக்க வேண்டாம் என்கிறார் என்று பார்க்கத் திறந்தேன் என்றார் ஹெட்மாஸ்டர். மூடித்தான் இருக்கிறதா என்று உறுதி செய்ய மூன்று தடவை திறந்தாராம் இன்ஜினியர். பல்லாவரத்தம்மாள், திறந்தது தன் பேத்தி என்றார். பேத்திக்கு ஒன்றரை வயசு. எல்லாரும் பார்க்கும்போது ரூம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. யார் போனிலும் கொடைக்கானல் இல்லை.

காப்பி டம்ளர்கள் காலியாகிவிட்டன. டீச்சர் தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்க போனையும் ஒரு தடவ பாத்துடலாமா?"

"என் போன்ல இன்னா கீது? அழிக்கிறது மட்டும்தானே என் வேல."

"எல்லாரோடதும் பாத்துட்டோம்க்கா. அதுக்குத்தான்."

கொடுத்தேன். டீச்சர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்குக் கீரையும் ஈர விரலும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. வழுக்கியபோது ஒரு பக்கம் திறந்து, அடியில் பச்சையாக ஒன்று இருந்தது. அந்த அவசரத்தில் சாவிப் பட்டன் நினைவுக்கு வரவில்லை; போன் வந்தால் பச்சையைத்தானே அமுக்குகிறோம் என்று அமுக்கினேன். போய்விட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"கொடைக்கானல், மே மாசம், ஏழு நாள். உங்க பேர்லதான்க்கா இருக்கு."

இன்ஜினியர் சிரிப்பை அடக்கக் காலி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இத்தினி நாளும் பத்திரமாத்தான் இருந்திருக்கு" என்றேன்.

மேனேஜர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "அம்மா, திருப்பிக் குடுத்துடுங்க, போதும். குரூப்ல எதுவும் சொல்ல வேணாம். நமக்குள்ளயே இருக்கட்டும்."

எனக்காகச் சொல்வதுபோல் இருந்தது. விஷயம் வெளியே வந்தால் சாவியைக் குழுவில் போட்டவர் யார் என்பதும் வரும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது, மறைப்பானேன். இன்ஜினியரை இரண்டு மாதம் வெளியே நிறுத்தியவள் நான். அவர் இன்னும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

முதலில் டீச்சர் வேலை. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொல்ல, விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு நானே அமுக்கினேன். நான்கு இடத்தில் அமுக்க வேண்டியிருந்தது. எடுக்கும்போது ஒன்றுதான். ரூம் டீச்சர் பெயருக்குப் போனது. டீச்சர் உடனே சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டு, கிளம்பும் நேரத்தைப் பற்றி ரொம்ப அலட்சியமான குரலில் பேசினார்.

பிறகு போனை வாய்க்கிட்டே வைத்துக்கொண்டு குழுவுக்குச் சொன்னேன்: "எடுத்தது நான்தான். தெரியாம அமுக்கிட்டேன். ஒரு மாசம் நான் வெளிய இருக்கேன். சாவியப் போட்டவருக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்ல, அதயும் சேத்திருக்கணும்." எல்லாரும் உடனே அதை அமுக்க, ஒவ்வொரு போனிலும் என் குரல் வந்தது. மேனேஜர் தன் போனை மட்டும் அணைத்தார். மீதி எட்டுப் போனிலும் முழுசாகக் கேட்டுவிட்டது.

அந்த மாதம் மேனேஜர்தான் அட்மின். இரண்டாம் வாரமே ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்து, காலை வணக்கம் மட்டும் ஒரு நாளைக்கு இருபது வருகிறது, ஏற்காடு ரூம் ஒன்று யாரிடம் போனது என்றே தெரியவில்லை, திரும்பி வந்துவிடுங்கள் என்றார். மாதம் முடியட்டும் என்றேன். கூப்பிட்டதும் ஓடுகிறவள் இல்லை.

டீச்சர் கொடைக்கானலிலிருந்து ஒரு பை பிளம்ஸ் பழம் கொண்டுவந்து கொடுத்தார். ஏரி பார்த்தீர்களா என்று கேட்டேன். சம்பந்தியம்மாளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஏழு நாளும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கம்பளியையும் போர்த்திக்கொண்டு, ரூமிலேயே உட்கார்ந்து டிவி பார்த்தாராம். கேரளாவில் இப்படிக் குளிராது என்று மட்டும் தினமும் சொன்னாராம்.

"அவங்க வூட்டுக்காரரு?"

"அவருக்கு ரொம்பப் பிடிச்சிடுச்சுக்கா. அடுத்த வருஷமும் வரேன்னு சொல்லிட்டாரு." டீச்சர் முகம் வாடிப்போயிருந்தது. "உங்க வாரம் எப்பக்கா வருது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்தத் தடவை லிங்க்கை டீச்சருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அதை எப்படி அனுப்புவது என்று மருமகளிடம் இரண்டு நாளாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.