லூர்துராஜ் காட்டிய இடம்

திருநகரில் ஆனிமேரி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. பிளஸ் டூவுக்கு விலங்கியல். ஓர் உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் ஒரே ஜீன்கள்தான், கண்ணில் சில விழித்திருக்கும், ஈரலில் வேறு சில விழித்திருக்கும் என்று அவள் சொன்னால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். அப்படிப்பட்டவள் வாயடைத்துப்போகிற நாள் வருடத்தில் ஒன்று உண்டு. கல்லறைத் திருநாள்.

அன்று அவரவர் குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்படித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆனிமேரியின் ஒரே பிள்ளை, ஆண், பிறக்கும்போதே மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல் வைப்பதோ, பெற்றவளை அடக்கத்துக்குக் கூட்டிப்போவதோ அந்த வீட்டில் வழக்கமில்லை. அவள் மயக்கம் தெளியுமுன் கணவர் லூர்துராஜ் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார். பிள்ளை முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

வருடாவருடம் அவர் இடம் காட்டுவார், அவள் ஏற்றுவாள். மனுஷன் நல்லவர்தான், பொய்தான் சரியாக வராது. ஒரு வருடம் வேப்பமரத்தடி, மறு வருடம் மதிலோரம். ஆனிமேரி கண்டுகொள்ளாமல் இருந்தாள். கேட்டுவிட்டால் அந்த இடமும் இல்லாமல் போய்விடுமே.

போன மாதம் ஆசிரியர் பயிற்சியில் ஒரு பேராசிரியை புதிதாக ஒன்று சொன்னார். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் உயிரணுக்கள் சில தாயின் இரத்தத்தில் கலந்துவிடுமாம். சில தாய்மாரிடம் பல ஆண்டு கழித்தும் உயிரோடிருக்குமாம். ஆண் பிள்ளையைச் சுமந்தவள் உடம்பில் ஒய் குரோமோசோமைக் கண்டிருக்கிறார்களாம். ஆனிமேரியின் பேனா நின்றுவிட்டது. ஓர் உடம்பு, ஒரே ஜீன்கள் என்று இத்தனை காலம் நடத்திய பாடம் தன் உடம்புக்கே பொருந்தாதோ? திருப்பரங்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இருந்தாலும் என்ன, அணு வந்து அம்மா என்று கூப்பிடுமா? வீட்டுக்கு வந்து நன்றாக அழுதாள்.

இந்தக் கல்லறைத் திருநாளில் மதிலோரம் முழுக்கப் புதுக் கிரானைட் கல்லறைகள். லூர்துராஜ் திகைத்து நின்றார்.

"இங்கனதான் மேரி... இல்ல, அங்கிட்டு."

"விடுங்க. எம்புட்டு வருசமாத் தேடுறீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு நல்ல மழை. அழுதுக்கிட்டே தோண்டுனேன். எந்த எடம்னு மனசுல நிக்கல. ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?"

"எனக்குத் தெரியும்ங்க." பயிற்சியில் கேட்டதை அவள் மெல்லச் சொன்னாள்.

"அப்ப அவன் ஒனக்குள்ளதான் இருக்கானா?"

"இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது." இடத்தைப் போலவே இதையும் அவள் இத்தனை வருடம் பயந்து கேட்டதே இல்லை. "அவன் யாரு மாதிரி இருந்தான்?"

லூர்துராஜுக்கு அதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"காது என்னோடது. நெத்தி, மூக்கு, தாடை எல்லாம் நீதான்."

மெழுகுவத்தியைப் பற்றவைத்தார். எந்த மண்ணிலும் ஊன்றவில்லை. அவள் முகத்தருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆனிமேரி முகத்தைத் திருப்பாமல் காட்டிக்கொண்டிருந்தாள்.